எழும்பும் கூரை, நடந்து வரும் நீர்

ரோசன்தால் பண்ணை, குவார்ன்
ஏப்ரல் 9

மரியாதைக்குரிய மதினி ஹுல்டா அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி எர்னா எழுதுவது.

ஆண்டவருடைய காவலில் இருவரும் உயிரோடிருக்கிறோம். ஹோபார்ட்டின் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இடது செவியும் முழுதாக மூடிவிட்டதென்று ஈஸ்டர் வாழ்த்தில் எழுதியிருந்தீர்கள். இனி நமக்குள் தொலைபேசிக்கு வேலையில்லை. அதுவும் நல்லதற்கே, நாவில் வராதது சில சமயம் பேனாவில் வருகிறது. எனக்கு இடுப்பெலும்பு மாற்றி ஓராண்டாகிறது. தடி ஊன்றி நடக்கிறேன். ஏணி மட்டும் ஏற இயலாது.

மழை பொய்த்து இது மூன்றாவது ஆண்டு. மார்ச் பதினான்காம் தேதி, எஞ்சியிருந்த அறுபத்திரண்டு ஆடுகளையும் உங்கள் தம்பி தம் கையாலேயே சுட்டார். எழுந்து நிற்க வலுவில்லாத ஆட்டை எந்த லாரியும் ஏற்றிக்கொள்ளாது. மாலையில் வந்து கை கழுவினார். அதன்பின் அவர் பேச்சு ‘சரி’, ‘வேணாம்’, ‘டீ’ என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிப்போயிற்று. பக்கத்துப் பண்ணை க்ளென் நோஸ்கே, நரி சுட வேண்டுமென்று சொல்லி எங்கள் துப்பாக்கிகளை இரவலாகக் கொண்டுபோனார். அவர் நிலத்தில் நரி கிடையாது. ஏன் கொண்டுபோனார் என்று நானும் கேட்கவில்லை. கேக் ஒன்று செய்து கொடுத்தனுப்பினேன்.

இனி எழுத வந்த காரியம். சென்ற வியாழன் காலை அவர் பழைய நாட்காட்டித் தாளொன்றைச் சமையலறை மேசையில் விரித்தார். அதன் பின்பக்கத்தில் எங்கள் ட்ரூப்பி வண்டியை மூன்று முறை வரைந்திருந்தார். கரடுமுரடான பாதையில் இருபது ஆண்டாக உழைத்த அந்த நீண்ட வண்டிதான். மூன்று படத்திலும் கூரை மூன்று விதமாக எழும்பியிருந்தது.

“எர்னா, ஒனக்கு உள்ள நிமிந்து நிக்கணுமா, இல்ல படுக்க எடம் இருந்தா போதுமா?” என்றார்.

“எதுக்கு?”

“தண்ணி பாக்கப் போறதுக்கு.”

குவீன்ஸ்லாந்தில் பிப்ரவரியில் பெய்த பெருமழை கூப்பர் ஓடையில் இறங்கிவிட்டதாம். ஒரு துளி மழை காணாத பாலை வழியே, நாளொன்றுக்குச் சில மைல் நடந்து, நம் மிஷன் ஏரிக்கு வந்துசேரப் பல மாதம் ஆகுமாம். உங்கள் கொள்ளுத்தாத்தா மிஷன் மக்களுக்கு ரொட்டி சுட்ட இடம் அது. அக்டோபருக்குள் போய்விட வேண்டும். பிறகு அந்தப் பக்கத்து வெயில் மனிதருக்கானதல்ல.

மதினி, மூன்று வாரத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. உங்கள் வீட்டுக்காரர் ஆஸ்கர் அண்ணனோடு பதினோரு ஆண்டு அப்படியொரு வண்டியில் சுற்றியவர் நீங்கள். எந்தக் கூரை நல்லது? விரிவாக எழுதுங்கள். நான் உரக்கப் படிப்பேன். அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் ஜெபங்களில் எங்களுக்கும் ஓர் ஓரம் ஒதுக்குங்கள்.
எர்னா

ஹோபார்ட்
ஏப்ரல் 21

பிரியமான எர்னாவுக்கு,

சமாதானம் உன் வீட்டு வாசலைக் கடந்து உள்ளே வரட்டும். என் முழங்காலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது தன் கடமையை வலியின் மூலம் செய்கிறது. தம்பி என்ன உண்கிறான், எப்போது எழுகிறான் என்பதை மறவாமல் எழுது.

வனாந்தரத்தில் கூடாரமிட்டுத் திரிந்த மக்களைப் பற்றி ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கூரை எத்தனை வகை என்ற தொல்லை அவர்களுக்கு இருந்ததில்லை. நமக்கு இருக்கிறது.

முதல் வகை, வண்டியின் கூரையை வெட்டாமல் அதன்மேல் கூடாரப் பெட்டியைப் பொருத்துவது. மலிவு, எளிது. ஆனால் ஏணி வேண்டும். ஆகவே உனக்கு ஆகாது.

இரண்டாவது, கூரையை வெட்டியெடுத்து, முன்பக்கம் கீல் வைத்து, பின்பக்கம் மட்டும் வாய் பிளப்பது போல் எழுப்புவது. படுக்கை மேலே, நிமிர்ந்து நிற்க இடம் பின்கதவருகில் மட்டும். கீலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினால் புயலிலும் அசையாது. ஆஸ்கர் இதைத்தான் வைத்திருந்தார். பதினோரு ஆண்டும் என் தலை இடித்த இடத்தில் மன்னிப்புக் கேட்டார், கூரையை மாற்றவில்லை.

மூன்றாவது, நான்கு மூலையும் ஒருசேர நேராக மேலெழும்புவது. வண்டியின் முழு நீளத்துக்கும் நிற்கலாம், நடக்கலாம். படுக்கை கீழே. நாற்புறமும் கித்தான் துணியாதலால் காற்று வந்தால் படபடக்கும்.

வெட்டிய கூரை மறுபடி ஒட்டாது. ஆகவே அவசரம் வேண்டாம். உன் உயரத்தையும் கொட்டகை வாசலின் உயரத்தையும் அவன் அளந்து எழுதட்டும்.

உன் நலம் அறியக் காத்திருக்கும்
ஹுல்டா

ரோசன்தால் பண்ணை
மே 3

அன்புமிக்க மதினிக்கு,

நலமாக இருக்கிறோம் என்ற சொல்லை இம்முறை பாதியளவு மெய்யாகவே எழுதுகிறேன். உங்கள் தம்பி இரண்டு முட்டை உண்கிறார். ஆறு மணிக்கு எழுகிறார்.

அளவெடுத்தாயிற்று. என்னைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலோடு நின்றார்.

“முடியோட அளக்கவா, முடி இல்லாமலா?”

“முடி இல்லாம என்னைய எங்க பாத்தீங்க?”

“ஒசரத்துல ரெண்டு விரக்கடை பொய் சொல்ற.”

கொட்டகை வாசல் நான்கு விரற்கடை குறைவு. வாசலை உயர்த்திவிடலாம் என்றார். “வண்டிக்குக் கூரை போடச் சொன்னா கொட்டகைய இடிக்கிறீங்களே” என்றேன். மதினி, அவர் சிரித்தார் என்று எழுத மாட்டேன். மூக்கின் வழியாக ஒரு காற்று வந்தது.

மறுநாள் அட்டையில் கூரை வெட்டி, ட்ரூப்பிக்குள் கட்டித் தொங்கவிட்டு, என்னைக் கீழே படுக்கச் சொல்லி, எழச் சொல்லி, திரும்பச் சொன்னார். இறுதியில் “நேரா எழும்புறதுதான் சரி. ஒனக்கு நிக்கணும்” என்றார். அடிலெய்டின் வடக்கே கூரை பொருத்தும் பட்டறையொன்று உண்டு. அதன் உரிமையாளர் டாரல், மே முடிவதற்குள் சொன்னால் ஜூலையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

‘ஆமாம்’ என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின் இந்த மேசையில் என்ன மிஞ்சும் என்று எண்ணினேன். மூன்று வாரத்து மௌனம் கண்முன் வந்தது. “காத்தடிச்சா என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் காற்றைப் பற்றி மட்டுமே பேசினார். நாற்பத்து நான்கு ஆண்டு மணவாழ்வில் இவ்வளவு இனிய பேச்சை நான் கேட்டதில்லை.

இது பாவமா? பாவமென்றால் எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன். இல்லையென்றால் எனக்குச் சில கேள்விகளை அனுப்புங்கள். என்னிடம் காற்று ஒன்றுதான் இருந்தது.

உங்கள் குளிருக்குக் கம்பளி போதுமா என்று கேட்கும்
எர்னா

ஹோபார்ட்
மே 14

அன்பு எர்னா,

நீ நலம் என்பதில் என் நலமும் அடங்கும். கேள்வி கேட்பது பொய்யாகாது. பதில் தெரிந்திருந்தும் கேட்பவர்கள் வேதத்திலேயே இருக்கிறார்கள். இவற்றை என் பெயரால் வாசி:

கூரையைத் தூக்கிப் பிடிக்கும் வாயுக் கம்பிகள் கடுங்குளிரில் வலுவிழக்குமா? மேலே சூரியத் தகடு வைத்தால் அந்தப் பாரத்துக்கு வேறு கம்பி வேண்டுமா? கூரை அலுமினியமா, ஃபைபரா? ஆலங்கட்டி விழுந்தால் எது தாங்கும்? கித்தான் சன்னலின் ஜிப் உள்ளிருந்து திறக்க வேண்டுமா, வெளியிலிருந்தா? கொசுவலையின் கண் மணல் ஈயைத் தடுக்குமா?

இவை தீர்வதற்குள் இன்னும் அனுப்புகிறேன். ஜூலை போனால் ஆகஸ்ட் இருக்கிறது. தண்ணீரும் அவசரப்படவில்லை அல்லவா?

கர்த்தர் உன் நாவையும் என் பேனாவையும் மன்னிப்பாராக.
ஹுல்டா

ரோசன்தால் பண்ணை
ஜூன் 5

மதினி அவர்களுக்கு வந்தனம்.

இருவருக்கும் சளி பிடித்து விட்டது, வேறு குறையில்லை. ஜூலை இடம் கைவிட்டுப் போயிற்று. அடுத்த இடம் ஆகஸ்டில்.

உங்கள் கேள்விகளை ஒரு நாளைக்கு ஒன்றாகப் பரிமாறினேன். வாயுக் கம்பிக்கு அவர் சொன்ன பதில்: “வெயிலுக்கு வீங்கும், குளிருக்குச் சோம்பும். மனுசன் மாதிரிதான்னு ஹுல்டாகிட்ட எழுது.” பட்டறைக்கு ஆறு முறை தொலைபேசினார். ஆறாவது முறை டாரல் கேட்டாராம்: “ஐயா, நீங்க கூரை வாங்குறீங்களா, இல்ல பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?” அதை என்னிடம் வந்து அவரே சொல்லிக் காட்டினார், டாரலின் குரலில்.

ஞாயிறு ஆராதனைக்கு வந்தார். ஞானப்பாட்டில் வாய் திறக்கவில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் என் காதருகே, “இந்தக் கோயில் கூரை நேரா எழும்புற வகை இல்ல, வாய் பொளக்குற வகை” என்றார். போதகர் எங்களைப் பார்த்தார்.

தண்ணீர் பாலை நடுவிலுள்ள இன்னமின்கா ஊரைக் கடந்துவிட்டதென்று வானொலி சொன்னது. கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேலே மேகமில்லை, கீழே ஈரமில்லை. எங்கோ பெய்த மழை யாரும் இழுக்காமல் தானே வழி கண்டு வருகிறது. அவரோ அமைதியாக, “ஹுல்டா ஏன் இவ்ளோ கேக்குறா?” என்றார். நான் வானொலியை அணைத்தேன். தண்ணீர் வந்து சேருவதை எண்ணி முதல்முறையாக அஞ்சினேன்.

கேள்விகள் தீர்ந்தன. விரைந்து எழுதுங்கள்.
எர்னா

ஹோபார்ட்
ஜூலை 6

எர்னா,

ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்கு என்னைப் பொறுத்துக்கொள். நோயில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைத் தனியே இருந்து படி.

எனக்குப் பதினேழு வயது, தம்பிக்குப் பதினொன்று. அதுவும் ஒரு வறட்சி. அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். பிறகு ஒருநாள் காற்றாலை வைத்துக் கிணற்று நீர் இறைக்கலாமென்று தொடங்கினார். எட்டடிச் சக்கரமா, பத்தடியா? கோபுரம் மரமா, இரும்பா? கோடை முழுதும் அதே பேச்சு. அம்மாவும் நானும் பூரித்துப் போனோம். முடிவு செய்துவிடுங்கள் என்று நான்தான் நச்சரித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பத்தடி, இரும்பு என்று எழுதித் தபாலில் போட்டார். புதன்கிழமை காலை அவரைப் பண்ணைக் குளத்திலிருந்து தூக்கி வந்தார்கள். கரையில் கால் தவறிவிட்டது என்று தம்பியிடம் சொன்னோம். இன்றுவரை அதையே சொல்லியிருக்கிறோம்.

உன் முதல் கடிதத்தில் மூன்று கூரைப் படங்களைப் பற்றிப் படித்தபோது அப்பாவின் காற்றாலைதான் நினைவுக்கு வந்தது. கேள்வி அனுப்பச் சொல்லி நீ கேட்பதற்கு முன்பே, அவசரம் வேண்டாம் என்று எழுதியவள் நான். அது கூரைக்காக எழுதியது அல்ல. தெரிவு முடிகிற நாளைக் கண்டு அஞ்சினேன்.

இனி என்னிடம் கேள்வி இல்லை. ஜெபம் ஒன்றுதான் இருக்கிறது.
ஹுல்டா

ரோசன்தால் பண்ணை
ஜூலை 15

மதினி,

உடம்பு இருவருக்கும் நலம். கடிதத்தைப் படித்து மாவு டப்பாவின் அடியில் வைத்திருக்கிறேன். “தபால் ஒண்ணும் இல்லையா?” என்றார். “இல்ல” என்றேன். இதுவரை கேள்வி கேட்டேன். இன்றுதான் பொய் சொன்னேன்.

தண்ணீர் பாதையை மறித்துவிட்டதாம். ஓடையைக் கடக்கும் கடவில் படகு விட்டிருக்கிறார்கள். டாரல் வெள்ளிக்குள் உறுதி கேட்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் இந்தப் பென்சிலைக் கூர் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

எர்னா

ரோசன்தால் பண்ணை
ஜூலை 22

அன்புள்ள அக்கா,

நாற்பது ஆண்டாக இந்த வீட்டின் கடிதங்களை எர்னாதான் எழுதுகிறாள். உறையில் என் கையெழுத்தைக் கண்டு கலங்காதே. நலமாக இருக்கிறாயா? உன் செவியின் நிலை கேட்டு வருந்தினேன்.

கூரை முடிவாயிற்று. நேராக எழும்புவது, ஃபைபர், வெள்ளை. ஆகஸ்ட் பன்னிரண்டில் வெட்டுகிறார்கள். நானே தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

உங்கள் இருவரின் சூழ்ச்சி எனக்கு மே மாதமே தெரியும். ஆஸ்கர் அத்தானோடு பதினோரு ஆண்டு சுற்றியவள், ஜிப் எந்தப் பக்கம் திறக்க வேண்டுமென்று என்னிடம் கேட்பாளா? தெரிந்தும் பதில் சொன்னேன். காரணம் சொல்கிறேன்.

எர்னா உனக்கு ஆடுகளைப் பற்றி எழுதியிருப்பாள். தன்னைப் பற்றி எழுதியிருக்க மாட்டாள். மார்ச்சுக்குப் பின் தினமும் காலையில், தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் புட்டிகளை வெந்நீரில் கழுவி, சன்னலோரம் வரிசையாகக் கவிழ்ப்பாள். எட்டுப் புட்டி. பண்ணையில் ஒரு குட்டி இல்லை. நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர்ச் செய்தியைக் கேட்ட அன்றுதான் கூரைப் படங்களை வரைந்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ‘எதுக்கு?’ என்றாள். காற்றைப் பற்றி வாதாடினாள். மே மாதத்தில் ஒரு காலை, புட்டிகளைக் கழுவ மறந்தாள். பிறகு நான் எப்படி முடிவு சொல்வேன்? உங்கள் கேள்விகள் தீர்ந்தால் கொடுக்க என் பங்குக்கு இரண்டு வைத்திருந்தேன்.

ஒரு மாதம் நீ எழுதவில்லை. உன் மௌனத்தில் எப்போதும் ஒரே பொருள்தான் இருக்கும். அந்த ஆண்டு குளத்தில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை, அக்கா. அதில் கால் தவறுகிறவர் எழுந்து நிற்பார். எனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும். நீயும் அம்மாவும் அவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னதைத் தெரியாதவனாகக் கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்று. க்ளென் நரி சுடத் துப்பாக்கி கேட்டதாக எர்னா நம்புகிறாள். அவனை வரச் சொன்னது நான். அன்று மாலை கை கழுவிய பிறகு முதல் வேலையாக அவனைத்தான் அழைத்தேன். எர்னாவிடம் நரி என்று சொல்லச் சொன்னதும் நானே.

குணமாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். கூரை தெரிவு செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன். இதை எர்னாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் இடப் போகிறேன்.

தம்பி
பெர்த்தோல்ட்

ரோசன்தால் பண்ணை
ஆகஸ்ட் 28

பாசமுள்ள மதினிக்கு,

வீடு வந்து சேர்ந்தோம், சுகம். அவர் தம் கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டிய அன்று, புட்டிகளை ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் வைக்கச் சொன்னேன். வைத்தார்.

வெட்டியதைச் சொல்கிறேன். டாரலின் ஆட்கள் கூரையைச் சுற்றி நாடா ஒட்டிக் கோடு போட்டு, மூலைக்கொரு துளையிட்டு, ரம்பத்தை ஓட்டினார்கள். அந்தச் சத்தம் பல்லில் ஏறியது. “அம்மா, வெளிய இருங்க, பாக்க நல்லா இருக்காது” என்றார் டாரல். பார்க்கத்தான் வந்தேன் என்றேன். நான்கு பேர் நான்கு மூலையில் நின்று பழைய கூரையைத் தூக்கி அகற்றினார்கள். நான் தடியை ஊன்றி வண்டிக்குள் ஏறி நடுவில் நின்றேன். இருபது ஆண்டு குனிந்தே நுழைந்த பெட்டி. அன்று அதற்கு மேல் எல்லை இல்லை. அடிலெய்டின் வானம் முழுவதும் உள்ளே இறங்கிவிட்டது. உங்கள் தம்பி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அந்தப் பட்டறையில், இரும்புத்தூள் நாற்றத்துக்கு நடுவே, ஆலயத்தில் வருகிற அச்சம் எனக்கு வந்தது.

பிறகு இரும்புச் சட்டம் பற்றவைத்து, புதுக் கூரை ஏற்றினார்கள்; பொறியாளர் வந்து சான்று கொடுத்துப் போனார். இப்போது இரண்டு பிடியைத் தள்ளினால் கூரை மூச்சிழுப்பது போல எழும்புகிறது.

புறப்படும்போது டாரல் சொன்னார்: “புதுக் கித்தான். மூணு தடவ நல்லா நனைச்சுக் காய வைங்க. அப்பத்தான் நூல் ஊதித் தையல் ஓட்டைய அடைக்கும்.” வீட்டில் தண்ணீர்த் தொட்டி கால் பங்குதான் இருக்கிறது. உங்கள் தம்பி குழாயை எடுத்தார். நான் குழாயின் மேல் நின்றுகொண்டேன்.

“துணிக்கு ஊத்தத் தண்ணி இல்ல, பெர்ட்.”

“மழை வந்தா ஒழுகும், எர்னா.”

“மழை வந்தா ஒழுகட்டும். மொதல்ல அது வரட்டும், ஒழுகுறத அப்புறம் பாத்துக்கலாம்.”

இருவரும் சிரித்தோம். நனைக்கவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் புறப்படுகிறோம்; வழியில் மாரீ என்ற ஊரில் தங்குவோம்.

வழிக்காக ஜெபியுங்கள்.
எர்னா

ஹோபார்ட்
செப்டம்பர் 4

எர்னாவுக்கும் தம்பிக்கும்,

மாரீ தபால் நிலையத்தில் இது உங்களுக்காகக் காத்திருக்கட்டும். தம்பியின் கடிதத்தை நான் இன்னும் மடித்து வைக்கவில்லை. மேசையிலேயே விரிந்து கிடக்கிறது. அறுபது ஆண்டு பழைய பாரம் ஒன்று இறங்கியது. ஆயினும் என் அச்சம் முழுதும் போகவில்லை. தண்ணீரண்டை சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

ஹுல்டா

மிஷன் ஏரிக்கரை, கூப்பர் ஓடை
செப்டம்பர் 20

என் மதினிக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். பல வரி எழுதுகிறேன். இருவரும் நலம். உங்கள் நலத்தையே நாடுகிறோம்.

மாரீயில் உங்கள் கடிதத்தை வாங்கிய பிற்பகலே மழை பிடித்துக்கொண்டது. நனைக்காத கித்தான் நாற்பது இடத்தில் சொட்டியது. உங்கள் தம்பி ஒவ்வொரு சொட்டுக்குக் கீழும் ஒரு பாத்திரம் வைத்தார். பாத்திரம் தீர்ந்ததும் படுத்துக்கொண்டு மீதியை முகத்தில் வாங்கினார். மூன்று ஆண்டில் எங்கள்மேல் விழுந்த முதல் மழை, மதினி. அதை ஒழுகல் என்று குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. பாதை உலர நான்கு நாள் காத்திருந்தோம். அந்த இடத்தைக் காக்கும் பூர்வகுடித் தியேரி இனப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி பெற்று நேற்று மாலை இங்கு வந்தோம்.

மணல்மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தினார். சிவந்த மணல் இறங்கி முடிகிற இடத்தில் வானம் தொடங்கியது. கீழேயும் வானம், மேலேயும் வானம். இடையில் ஆயிரக்கணக்கில் கூழைக்கடாக்கள். கடலை விட்டு இத்தனை தொலைவில், இங்கே தண்ணீர் வந்திருப்பதை அவற்றுக்கு யார் சொன்னது என்று எந்தப் படித்தவருக்கும் தெரியாதாம். உலகம் உண்டான மூன்றாம் நாளில் வந்து நிற்பது போல நின்றேன். எழுபது ஆண்டு வேதம் படித்தவள், துதிக்க ஒரு சொல் கிடைக்காமல் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று காலை நான் தேநீருக்கு அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அவர் கால்சட்டையை மடித்துவிட்டு, “கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்றார். கரையோரம் நடப்பார் என்று எண்ணினேன். வண்டிக்குள் நிமிர்ந்து கித்தான் சன்னல் வழியே பார்த்தபோது அவர் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தார். நேராக, திரும்பாமல், ஏரியின் நடுவை நோக்கி.

கூப்பிட்டேன். காற்று என் பக்கம் வீசியது. என் இடுப்பை வைத்துக்கொண்டு மணலில் இறங்கி ஓட முடியாது. ஆகவே நின்றேன். நிற்கத்தானே இந்தக் கூரையைத் தெரிவு செய்தோம். அவர் சிறுத்துக்கொண்டே போனார். தண்ணீர் எது, வானம் எது என்று பிரியாத இடத்தில் ஒரு கரும்புள்ளியாகி, நடுவானில் நடப்பவர் போல இருந்தார். பறவைகள் அவருக்கு வழிவிட்டு எழுந்து மறுபடி அமர்ந்தன. தேநீர் கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. உங்கள் கடிதத்தின் செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் என் நினைவில் மாறி மாறி வந்தன. ஜெபிக்கவில்லை, கண்ணிமைத்தால் அந்தப் புள்ளி போய்விடும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது புள்ளி நின்றது. நெடுநேரம் அசையாமல் நின்றது. பின்பு பெரிதாகத் தொடங்கியது.

ஒரு மணி நேரம் கழித்து, முழங்கால்வரை சேறாக, வண்டி வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

“எவ்ளோ தூரம் போனாலும் முழங்காலத் தாண்ட மாட்டேங்குது, எர்னா” என்றார். காலில் ஒட்டிய சேற்றை வழித்தபடி, “அடியில களிமண்ணு. கெட்டியா இருக்கு. தடி ஊனிக்கிட்டா ஒனக்கும் நடக்க வரும். நாளைக்குக் காலையில, காத்து எழும்புறதுக்கு முன்னாடி, ரெண்டு பேருமாப் போவோமா?”

“எவ்ளோ தூரம்?”

“ஒனக்கு முடியிற மட்டும்.”

கடவுப் படகுக்காரர் விடியற்காலையில் தபால் எடுத்துப் போகிறார். இந்தக் கடிதம் உங்களை நோக்கிப் புறப்படும் வேளையில் நாங்கள் இருவரும் தண்ணீரில் இருப்போம். எட்டு மணித் தேநீருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நான் நிபந்தனை போட்டிருக்கிறேன். அவர் ஒப்புக்கொண்டார்.

எர்னா